விருந்தாளிப் பக்கம்

லோடன், நெப்ராஸ்கா
1986 அக்டோபர் 12

வெர்லின் அண்ணா,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பாய். ஒன்றும் ஆகவில்லை. நேற்று ஏணியில் ஏறிக் கூரை ஓரத் தகரத்தில் அடைத்திருந்த இலைகளை அள்ளினாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் எங்கள் செய்தி.

பதினோரு மைல் தூரத்துக்குக் கடிதம் எழுதுவது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தொலைபேசி சமையலறைச் சுவரில் இருக்கிறது, அம்மா சமையலறையில் இருக்கிறாள். அதோடு, கடைசியாக நாம் தொலைபேசியில் பேசியபோது இருவரும் மூச்சு விடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்குக் கடிதம் மேல்.

ஹார்லன் முந்தாநாள் பள்ளி நூலக அறைக்கு வந்தார். எங்கள் பள்ளி வாரியத்தின் தலைவராக வந்தாரா, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியாக வந்தாரா என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றாததால் தலைவர் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பள்ளி மாவட்டங்களையும் இணைப்பது பற்றித்தான். "நாங்க சம்மதிச்சுத்தான் ஆகணும், மார்லிஸ். கணக்கு வாத்தியாரும் இல்ல, பிள்ளைங்களும் இல்ல. ஆனா மில்பர்ன்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டா பழி எங்க மேல வராது பாரு," என்றார். மில்பர்ன் வாரியத்தில் மூன்று பேர் சம்மதம், மூன்று பேர் இல்லை, ஏழாவது ஆள் நீ என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. "உங்க அண்ணனுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடேன்" என்பதுதான் அவர் வந்த காரியம்.

எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதிவிட்டேன். உன் ஓட்டை நான் கேட்கவில்லை.

நீயே தெரிந்துகொள்வாய் என்றாலும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சம்மதித்தால் உயர்நிலைப் பள்ளி மில்பர்னுக்கு வந்துவிடும், எங்கள் கட்டடத்தைப் பூட்டுவார்கள். கடைசியாகச் சேர்ந்த ஆசிரியரை முதலில் அனுப்புவார்கள், அது நான். சம்மதிக்காவிட்டால் எங்கள் பள்ளி இன்னும் சில வருடம் இழுத்துக்கொண்டு கிடக்கும். இரண்டில் எதை நினைத்தாலும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல, அவ்வப்போது தொட்டுப் பார்க்கிறேன்.

நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது.

மார்லிஸ்


மில்பர்ன்
நவம்பர் 2

மார்லிஸ்,

உன் கடிதம் வந்தது. கோனி அதை ரொட்டிப் பெட்டியின் மேல் வைத்திருந்தாள். அறுவடை நடுவில் பிரிக்கத் தோன்றவில்லை. மழை விட்டபாடில்லை, சோளம் இன்னும் ஈரமாக இருக்கிறது. அறுவடை இயந்திரத்தின் பெல்ட் வேறு அறுந்தது.

ஹார்லன் கேட்டால் எழுதிவிட்டேன் என்று சொல். பொய் இல்லையே.

நான் எந்தப் பக்கம் என்று இங்கேயும் கேட்கிறார்கள். கிடங்கில் தானியம் இறக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. மில்பர்ன்காரர்களுக்கு நான் லோடன்காரன். லோடன்காரர்களுக்கு என்ன என்று உனக்குத் தெரியும். பெரியவர் ஒருத்தர், "உன் வீட்டு வாசல்படி எந்த ஊர்லப்பா இருக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் தேவாலய மேட்டில் உன் கார் எதிரே வந்தது. நான் வணக்கமாக ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்கினேன். நீ தூக்கவில்லை. முகம் தெரியாதவனுக்கும் இங்கே விரல் தூக்குவார்கள். நிலத்தை ஏலம் விட வருகிற வங்கிக்காரனுக்கும் தூக்குவார்கள்.

கூரைக்கு நீ ஏறு, அம்மாவை ஏற விடாதே.

வெர்லின்


லோடன்
நவம்பர் 23

அண்ணா,

நான் உன்னைப் பார்க்கவில்லை என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். பார்த்தேன். உன் பிக்கப்பை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும், முன் விளக்கு ஒன்று வானத்தைப் பார்க்கும். விரலைத் தூக்க வேண்டும் என்று நினைத்தேன். விரல் அங்கேயே கிடந்தது. கோபம் என்று எண்ணாதே. கோபம் இருந்திருந்தால் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன்.

கடைசி வகுப்பில் இப்போது நாலு பேர். நாடகம் ஒன்றைச் சத்தமாகப் படிக்கிறோம். ஆளுக்கு நாலைந்து வேடம். போன வெள்ளிக்கிழமை கெய்ல் என்ற பையன் தானே தன்னைக் குத்திக் கொன்றுவிட்டு, தன் பிணத்தைப் பார்த்துத் தானே அழ வேண்டியிருந்தது. பையன்கள் சிரித்தார்கள். ரோண்டா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். மதியம் நூலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவள் ஆப்பிளைக் கடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே நான் திருத்துவேன்.

நீ விரலைப் பற்றிக் கேட்டதால் நானும் கேட்கிறேன். அப்பா போன அடுத்த வசந்தத்தில் நம் நிலத்தை மில்பர்ன் பள்ளி மாவட்டத்துக்கு மாற்றித் தரச் சொல்லி மனுப் போட்டாயே, எல்லையில் நிலம் இருப்பவன் அப்படிக் கேட்கலாம் என்பதை நானும் அறிவேன். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், பள்ளி வரியும் நிலத்தோடு போய்விடும். சட்டம் சரி. ஆனால் அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியுமா?

மில்பர்ன் இங்கே கூடைப்பந்து ஆட வந்த இரவு. அம்மா வழக்கம்போல ஸ்கோர் மேசையில் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புள்ளி எழுத உட்கார்ந்த மில்பர்ன்காரி, பேச்சுவாக்கில், "உங்க மகன் எங்க பக்கம் வந்துட்டாராமே, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த வாரம் கல்லூரியிலிருந்து வந்திருந்த நான் மேலே பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. விசில் ஊதினால் நிறுத்தினாள், பந்து உள்ளே வந்தால் ஓட விட்டாள். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே, "வெர்லின் நிலத்த மாத்திட்டானாம்," என்றாள். அடுத்த மாதம் பண்ணையை விட்டு ஊருக்குள் வந்துவிட்டாள்; படிப்பு முடிந்து நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன். படிக்கட்டு ஏற முடியவில்லை என்றாள். இப்போது ஏணி ஏறுகிறாள்.

ஏன் என்று நீ ஒருமுறையும் சொல்லவில்லை.

மார்லிஸ்


மில்பர்ன்
டிசம்பர் 14

மார்லிஸ்,

ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. நீ இப்போதுதான் கேட்கிறாய். மூன்று வருடம் ஆயிற்று.

டேனாவுக்காக. அப்போது அவள் ஆறாம் வகுப்பு. அந்த வகுப்பிலும் அவள் ஒருத்திதான் பெண். கெட்ட பையன்கள் இல்லை, ஆனால் யாரும் பேச மாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் சமையல்காரம்மாவோடு அடுக்களைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு நாள் பள்ளிப் பேருந்து வரும் நேரத்துக்கு நாய்க் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கோனி இழுத்து வெளியே கொண்டுவந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குளிர்காலம் முழுக்க வீட்டிலும் பேசவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ அப்போது லிங்கன் நகரத்தில் கல்லூரியில் இருந்தாய்.

மில்பர்னில் இப்போது அவள் கூடைப்பந்து ஆடுகிறாள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் கூண்டுக்குள் போகவில்லை.

ஊரில் என்ன சொன்னார்கள்? கால்பந்து அணிக்காகப் போனான் என்றார்கள். வரிக்காகப் போனான் என்றார்கள். ஹார்லன் என் அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "அப்பா படுத்த இடம் ஆறுறதுக்குள்ள" என்று சொன்னார். பெண்ணை நாய்க் கூண்டில் பார்த்தேன் என்று அஞ்சல் பெட்டி பக்கத்தில் நின்று சொல்ல முடியுமா?

அந்த ஸ்கோர் மேசை விஷயம் எனக்குத் தெரியாது. மனு செய்தித்தாளில் வருமுன் அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். கன்று ஈனும் சமயம்.

நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பிப்ரவரியில் நான் வேண்டாம் என்றுதான் போடப் போகிறேன். நிலத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். பள்ளியையும் எடுத்துக்கொண்டு வந்தவன் என்று என்னால் இருக்க முடியாது. நீ வேலையை இழக்க மாட்டாய். அம்மா மேசையில் இருப்பாள். கோனியிடம்கூட இதைச் சொல்லவில்லை.

வெர்லின்


லோடன்
1987 ஜனவரி 4

அண்ணா,

டேனாவைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் அவளுடைய அத்தை. கிறிஸ்துமஸுக்கு அவளுக்குக் கையுறை பின்னி அனுப்பினேன், அளவு தெரியாமல் குத்துமதிப்பாக.

உன் கடிதத்தைப் படித்தபின் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வேலை நிற்கிறது, பள்ளி நிற்கிறது, உன்மேல் இருந்த வருத்தமும் பாதி போய்விட்டது. நான் சமையலறையில் நின்று அந்த நிம்மதிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர் கொதித்தது, அம்மா காபி போட்டாள்.

இதை நான் இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொன்னால் தபால் நிலையத்தில் வரிசையில்கூட நிற்க முடியாது. இணைத்துவிட வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். போன வருடமே நினைத்தேன். ரோண்டாவின் ஆப்பிள் சத்தத்தைக் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து.

இந்தப் பள்ளி அவளுக்காக நடக்கவில்லை, அண்ணா. எங்களுக்காக நடக்கிறது. எனக்குச் சம்பளம், ஹார்லனுக்கு ஒரு நாற்காலி, அம்மாவுக்கு ஒரு மேசை, வெள்ளிக்கிழமை போய் உட்கார ஊருக்கு ஒரு கூரை. இவை சின்ன விஷயங்கள் இல்லை. இரண்டு வருடத்தில் எத்தனை பண்ணை ஏலத்துக்குப் போனதென்று உனக்கே தெரியும், மிச்சம் இருப்பது இந்த ஒரு கூரைதான். ஆனால் அந்தக் கூரையைத் தாங்கும் கம்பமாக அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்திருக்கிறோம், அவளிடம் கேட்காமலே.

நீ எங்களுக்காக வேண்டாம் என்று போட்டால் உனக்கு மனம் ஆறும். விலை கொடுப்பவள் அவள். உன் பெண்ணை மட்டும் கூண்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய், பிறகு கதவைச் சாத்துவது போல அது.

கடுமையாக எழுதிவிட்டேன். அந்த வரிகளை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்லிஸ்


லோடன்
ஜனவரி 25

அண்ணா,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. வியாழக்கிழமை பொதுக்கூட்டத்தில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாய், அதையே பதிலாக வைத்துக்கொள்கிறேன்.

நீ பேசும்போது பார்க்க முடியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கூட்டத்தை விளையாட்டுக்கூடத்தில் வைத்ததுதான் பிழை. இரண்டு ஊரும் கொள்ளும் இடம் வேறு இல்லை, யாரும் யோசிக்கவில்லை. சனம் உள்ளே வந்தது. லோடன்காரர்கள் உள்ளூர்ப் பக்கப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள், மில்பர்ன்காரர்கள் எதிரே, வெளியூர் அணியோடு வருபவர்களுக்கான விருந்தாளிப் பக்கத்தில். பிறந்ததிலிருந்து அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறோம். ஹார்லன் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் கலந்து உக்காருங்க, தயவுசெஞ்சு" என்றார். யாரும் அசையவில்லை. "உக்காந்தாச்சு, ஹார்லன்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அதன்பிறகு ஒரு பக்கத்துக்காரர் பேசினால் அந்தப் பக்கம் மட்டும் கை தட்டியது. இணைப்புக்குச் சாதகமாகப் பேசிய எங்கள் ஊர் கால்நடை மருத்துவர், தட்டுவதற்குக் கையே இல்லாமல் போய் உட்கார்ந்தார்.

ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்து, கடிகாரத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டதும் ஹார்லன்தான். "உன்ன விட்டா யாரு இருக்கா, ஆக்னெஸ்?" அம்மா ஆட்டத்துக்குப் போடும் அதே சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்கோர் போர்டில் எண்கள் இறங்கும், பூஜ்யம் வந்ததும் ஹாரன் அலறும். தேவாலயத்துப் பாதிரியாரைக்கூட அது பாதி வாக்கியத்தில் வெட்டியது. எங்கள் வாரியக்காரர் ஒருவர் "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை.

நீ மைக்குக்கு வந்தபோது இரண்டு பக்கமும் அமைதியாகிவிட்டது. வாரியக்காரர்களைப் பார்த்து நின்றாய், ஸ்கோர் போர்டும் அம்மாவும் உன் முதுகுக்குப் பின்னால். "என் பொண்ணு இங்க படிச்சப்போ அடுக்களைல உக்காந்து சாப்பிட்டா. மில்பர்ன்லயும் இப்ப அவ வகுப்புல ஆறே பேருதான்," என்றாய். பிறகு நிறுத்தினாய். மேலே பேசுவாய் என்று எல்லோரும் காத்திருந்தோம். நீ தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாய். பேசி முடித்தவன் போய் உட்கார்ந்தால் அம்மா கடிகாரத்தை நிறுத்துவாள். நீ போகவும் இல்லை, பேசவும் இல்லை. எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீ ஒருவன்தான் பார்க்கவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே காரியத்தைச் செய்த இடம் அந்தக் கூட்டத்தில் அது ஒன்றுதான்.

உனக்கு ஹாரன் ஒலிக்கவில்லை. கவனித்தாயா? பூஜ்யம் வந்தது, சத்தம் வரவில்லை. பிறகும் கொஞ்ச நேரம் நின்று, நீயாகவே போய் உட்கார்ந்தாய். அந்தப் பெட்டியில் ஹாரனை அடைக்க ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அம்மா இரண்டு விரலால் அதைத் தள்ளுவதை நான் பார்த்தேன். உனக்கு அடுத்து வந்தவருக்குத் திரும்ப அலறியது.

நாம் அந்த மேசைக்கு அடியில் வளர்ந்தவர்கள். நம் அணியை மாநிலப் போட்டிக்கு அனுப்பிய கூடையை நீ போட்டபோதுகூட, மேசையில் இருப்பவர்கள் கை தட்டக் கூடாது என்று, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். "நடைபாதைல உப்புப் போடணும், வழுக்குது" என்றாள்.

மார்லிஸ்


மில்பர்ன்
பிப்ரவரி 15

மார்லிஸ்,

உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சம்மதம் என்று போட்டேன். நாலு, மூன்று. கைதூக்கிப் போடும் ஓட்டு. கை மேலே போய்விட்டது.

நீ எழுதியதற்காகத்தான் என்று நினைக்காதே. நீ எழுதியதும்தான்.

ஹாரனை நான் கவனிக்கவில்லை. நின்றது எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டுப் போட்ட மறுநாள் நீ பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா திரையை விலக்கிப் பார்த்தாள். பிறகு கோட்டுப் போடாமல் பனியில் வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினாள். "வண்டிய அணைச்சிட்டு உள்ள வா. கரிப்புகை வீட்டுக்குள்ள வருது," என்றாள்.

உள்ளே போனேன். சூப் வைத்தாள். கன்றுகளைப் பற்றிக் கேட்டாள். அப்பா எப்போதும் கன்று கட்டும் தெற்குக் கொட்டகையில் தண்ணீர் உறைகிறதா என்றாள். உறைகிறது என்றேன். மூன்று வருடம் கழித்து அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்தேன். தட்டு எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போதுதான் சொன்னேன். "அம்மா, நான்தான் அந்த ஓட்டு" என்றேன்.

"தெரியும். ஹார்லன் ராத்திரியே வந்து சொல்லிட்டுப் போனான்," என்றாள்.

"கோவமா?"

கொஞ்ச நேரம் பாத்திரத்தைக் கழுவினாள். "எனக்கு வெள்ளிக்கிழம சாயங்காலம் என்ன செய்யறதுன்னு தெரியல. அது கோவமான்னு தெரியல," என்றாள்.

உன் வேலை போய்விட்டது. என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கையுறை டேனாவுக்குச் சரியாக இருக்கிறது. உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

வெர்லின்


லோடன்
மே 31

அண்ணா,

எல்லாம் முடிந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று ஊர் முழுக்கக் காத்திருந்தது.

கடைசி நாள் மதியம் சமையல்காரம்மா சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் போட்டாள். குளிர்காலச் சாப்பாடு அது, மே மாத வெயிலில் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. எல்லோரும் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டோம், ரொட்டியைக் குழம்பில் தோய்த்து, நாம் சின்னப் பிள்ளையில் செய்த மாதிரி. ரோண்டா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பள்ளி முடித்தாயிற்று, செவிலியர் படிப்புக்குப் போகிறாள். "வேற ஊருக்குப் போய்ட்டா பேசுவேன்னு நினைக்கிறேன்," என்றாள். பள்ளியில் அவள் பேசிய நீண்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

கோப்பைகளை எல்லாம் கண்ணாடி அலமாரியோடு உங்கள் ஊருக்கு லாரியில் ஏற்றினார்கள். புதிய அணிக்கு எங்கள் நீலத்தையும் உங்கள் சிவப்பையும் கலந்து ஊதா என்று முடிவு செய்திருக்கிறார்களாம். இரண்டு ஊரும் ஒற்றுமையாக அதை வெறுக்கின்றன, நல்ல தொடக்கம்.

எனக்கு வயோமிங்கில் வேலை கிடைத்திருக்கிறது. பெரிய பள்ளி. அங்கே ஒரு வகுப்பில் இருக்கும் அளவு பிள்ளைகள் இங்கே பள்ளி முழுக்கவே கிடையாது. ஆகஸ்டில் போகிறேன். அம்மா வர மாட்டேன் என்றாள். பண்ணைக்குத் திரும்பவும் மாட்டாளாம். "இங்க இருந்து பாத்தா கூடத்துக் கதவு தெரியுது," என்கிறாள். கதவுக்குச் சங்கிலி போட்டிருக்கிறார்கள்.

புதிய பள்ளியில் கடிகாரத்துக்கு ஆள் வேண்டுமா என்று உங்கள் ஊருக்கு நானே தொலைபேசியில் கேட்டேன், அம்மாவிடம் சொல்லாமல். அவர்களிடம் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், பல வருடமாகச் செய்கிறார். நான் என்ன சொல்ல முடியும்? நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவளைப் பார்த்துக்கொள். உன்னிடம் நான் கேட்கும் ஒரே ஓட்டு இதுதான்.

நேற்று தேவாலய மேட்டில் உன் வண்டி வந்தபோது என் விரல் தானாக எழுந்தது. நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பார்த்திருக்க மாட்டாய்.

மார்லிஸ்


மில்பர்ன்
டிசம்பர் 6

மார்லிஸ்,

பார்த்தேன்.

வயோமிங்கில் பனி அதிகம் என்று வானொலியில் சொன்னார்கள். காரில் ஒரு மண்வெட்டியும் கம்பளியும் வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை மில்பர்ன் கூடத்தில் முதல் ஆட்டம், பெண்கள் அணி. டேனா தொடக்கத்திலேயே ஆடினாள். ஊதாச் சட்டை. கிட்டத்தில் பார்த்தால் அவ்வளவு மோசம் இல்லை.

நானும் கோனியும் சீக்கிரம் போய் உள்ளூர்ப் பக்கத்தில் இடம் பிடித்தோம். அம்மாவை நான் கூட்டி வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். ஹார்லன் பழைய பள்ளிப் பேருந்தில் லோடன்காரர்களை எல்லாம் ஏற்றி வருகிறாராம், அதில் வருகிறேன் என்றாள். சரி என்றேன்.

அவர்கள் வந்தார்கள். ஹார்லன் முன்னால், மற்றவர்கள் பின்னால், அம்மா நடுவில். கதவைத் தாண்டி உள்ளே வந்து, ஒருவரும் நிற்காமல், நேரே விருந்தாளிப் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். நான் முதலில் முறைப்பு என்றுதான் நினைத்தேன். முறைப்பு இல்லை, மார்லிஸ். இந்தக் கூடத்துக்கு வந்தால் அவர்கள் உட்காரும் இடம் அதுதான், காலுக்கு அதுதான் தெரியும். உட்கார்ந்து கோட்டைக் கழற்றிய பிறகுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். எதிரணி ஊர்க்காரர்கள் வந்து, இடம் இல்லாமல், இவர்கள் யார் என்று பார்த்தார்கள். ஹார்லன் முகம் சிவந்துவிட்டது. ஆனால் எழுந்து அத்தனை பேர் பார்க்கக் களத்தைக் கடந்து இந்தப் பக்கம் வருவது என்றால் யாரால் முடியும்? அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். யாரும் எழுந்து போய்க் கூப்பிடவில்லை.

கோனி என் தொடையைத் தட்டி, "போயேன்" என்றாள்.

களத்தின் ஓரமாக நடந்து போனேன். பூட்ஸ் சத்தம் போட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரணி ஊர்க்காரர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அங்க போய் உக்காரு. கோனி தனியா இருக்கா," என்றாள் அம்மா.

"இங்கிருந்தே தெரியுது," என்றேன்.

அவள் ஸ்கோர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. விசிலுக்கு விசில் அவளுடைய விரல் தொடைமேல் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "விசில் ஊதின பிறகு நிறுத்துறான். கை மெதுவு," என்றாள்.

"நல்ல மனுஷன்மா."

"நல்ல மனுஷன்தான். கை மெதுவு."

டேனா ஒரு கூடை போட்டாள். எதிரே எல்லோரும் எழுந்து கத்தினார்கள். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எழவில்லை, அது அவர்களுடைய பிள்ளை இல்லையே. லோடன்காரர்களும் கத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தார்கள். அம்மா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க மேசைல இல்ல. தட்டலாம்," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

தட்டவில்லை. கையும் அங்கேயே இருந்தது. டேனா ஓடித் திரும்பும்போது எங்கள் பக்கமாகப் பார்த்தாள். அவள் கோனியைத் தேட வேண்டிய பக்கம் அது இல்லை. பாட்டியையும் என்னையும் எதிராளிகள் நடுவில் பார்த்ததும் நின்றுவிட்டாள். பந்து அவளைத் தாண்டிப் போனது. பயிற்சியாளர் கத்தினார். பிறகு ஓடினாள்.

அடுத்த முறை அவள் போட்டபோது அம்மா ஒரு கையை வெளியே எடுத்தாள். என் முழங்கால்மேல் வைத்தாள். அவ்வளவுதான். ஆட்டம் முடியும்வரை கை அங்கே இருந்தது. நானும் காலை அசைக்கவில்லை, மரத்துப் போயிற்று.

தோற்றுப் போனோம்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் இங்கேதான் ஆட்டம். ஹார்லன் பேருந்து எடுப்பாரா என்று தெரியவில்லை. அம்மா வருகிறேன் என்றாள். எங்கே உட்காருவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வெர்லின்